தந்தை மீது கொலை வழக்கு!

தத்துவம் படிக்க விரும்பும் புதியவர்களுக்கு ஒரு பழைய கதை

பெற்ற தந்தையின் மீதே ஒருவர் கொலை வழக்குத் தொடுத்தார்.

சொத்துத் தகராறு அல்ல. பங்காளிச் சண்டையும் அல்ல. செத்தவன் ஒரு கூலியாள். அவன் சாவுக்கு நியாயம் கேட்டு மகன் கோர்ட்டு வாசலை மிதித்தார்.

உறவினர்கள் கொதித்தார்கள். பெற்றவரைக் கோர்ட்டில் நிறுத்துவதா, இதைவிடப் பாவம் உண்டா என்று ஏசினார்கள். மகன் அசையவில்லை. கொலைக்குக் காரணமானவருடன் ஒரே வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுக் கொண்டு வாயை மூடிக் கொண்டிருப்பதுதான் பாவம் என்றார்.

இது கிரேக்க நாட்டில், ஏதென்ஸ் நகரத்தில் நடந்ததாகச் சொல்லப்படும் சம்பவம். காலம் கி.மு. 399. மகனுடைய பெயர் யூதிப்ரோ.

தத்துவம் என்றால் ஆன்மா, மாயை, பரம்பொருள் என்று தொடங்க வேண்டாமா, இவர் என்ன போலீஸ் செய்தி போலத் தொடங்குகிறாரே என்று வாசகர்கள் நினைக்கலாம். காரணம் உண்டு. எங்கிருந்து தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான்.

பட்டறை வாலிபன்

எங்கள் தெருக்கோடியில் ஒரு கொல்லுப் பட்டறை இருக்கிறது. அரிவாள், மண்வெட்டி, கடப்பாறை அடித்துக் கொடுப்பார்கள். அங்கே வேலை செய்யும் வாலிபன் ஒருவன், பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். சில மாதங்களுக்கு முன் ஒரு நாள் மாலை, தடித்த புத்தகம் ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான். நூலகத்தில் எடுத்த புத்தகம். மேல்நாட்டுத் தத்துவ வரலாறு. முப்பது பக்கத்துக்கு மேல் அவனால் போக முடியவில்லை.

"தேல்ஸ் என்பவர் எல்லாம் தண்ணீர் என்கிறார், சார். இன்னொருவர் எல்லாம் காற்று என்கிறார். வேறொருவர் நெருப்பு என்கிறார். இதில் யார் சொல்வது சரி என்று புத்தகம் சொல்லவே இல்லை. எனக்கு மூளை போதாதா?" என்று கேட்டான்.

"மூளைக்கு ஒரு குறையும் இல்லை, தம்பி. நீச்சல் பழக வந்தவன் கையில் யாரோ ஆறுகளின் பட்டியலைக் கொடுத்திருக்கிறார்கள்" என்றேன்.

பெயர்களையும் கொள்கைகளையும் மனப்பாடம் செய்வது தத்துவப் படிப்பு அல்ல. அது பிறகு தானாக வந்து சேரும். முதலில் ஒரு கேள்வி வேண்டும். அந்தக் கேள்விக்கு ஒருவர் விடை சொல்ல வேண்டும். அந்த விடை நிற்கிறதா, விழுகிறதா என்று தட்டிப் பார்க்க வேண்டும். இதைக் கண்முன் நடத்திக் காட்டும் சிறு நூல் ஒன்று இருக்கிறது. பிளேட்டோ எழுதிய 'யூதிப்ரோ'. இருபது பக்கத்துக்குள் அடங்கிவிடும். அதை அவனிடம் கொடுத்தேன்.

கோர்ட்டு வாசலில்

ஏதென்சில் அப்போது மன்னர் ஆட்சி கிடையாது. ஆனால் 'அரசர்' என்ற பட்டப் பெயர் கொண்ட ஓர் அதிகாரி இருந்தார். தெய்வக் குற்றங்களும் கொலை வழக்குகளும் அவர் முன்புதான் வரும். அவருடைய அலுவலக வாசலில் இரண்டு பேர் சந்தித்துக் கொண்டார்கள். ஒருவர் வாதி, யூதிப்ரோ. மற்றவர் பிரதிவாதி, சாக்ரடீஸ். வயது எழுபது. தகப்பனார் கல் வேலை செய்தவர், தாயார் மருத்துவச்சி. இளைஞர்களைக் கெடுத்தார், நகரத்தார் வணங்கும் தெய்வங்களை ஒப்புக்கொள்ளவில்லை என்பவை அவர் மீது வந்த குற்றச்சாட்டு.

வழக்கு என்ன என்று சாக்ரடீஸ் விசாரித்தார். யூதிப்ரோ விவரம் சொன்னார்.

நாக்சோஸ் தீவில் அவர்கள் குடும்பத்துக்கு நிலம் இருந்தது. அங்கே கூலிக்கு இருந்த ஆள், குடிவெறியில் வீட்டு அடிமை ஒருவன் மீது கோபம் கொண்டு அவன் கழுத்தை அறுத்துவிட்டான். யூதிப்ரோவின் தந்தை அந்தக் கூலியாளைக் கையும் காலும் கட்டி ஒரு குழியில் போட்டார். என்ன செய்வது என்று சாஸ்திரம் தெரிந்தவரைக் கேட்டு வர ஏதென்சுக்கு ஆள் அனுப்பினார். ஆள் திரும்புவதற்குள் குழியில் கிடந்தவன் பசியாலும் குளிராலும் செத்துப் போனான்.

கொலைகாரன்தானே, செத்தால் என்ன என்றார்கள் உறவினர்கள். தந்தை தம் கையால் கொல்லவில்லையே என்றும் வாதித்தார்கள்.

யூதிப்ரோவைக் கர்வி என்று கேலி செய்து எழுதியவர்கள் பலர். கர்வி என்பது உண்மைதான். தெய்வ விஷயம் எனக்குத் தெரிந்த அளவு வேறு எவருக்கும் தெரியாது என்று பேசும் குறிகாரர் அவர். ஆனாலும் எனக்கு அவர் மேல் ஒரு மதிப்பு உண்டு. அந்தக் காலத்து ஏதென்சில் ஒரு கூலியாளின் உயிருக்காகச் சொந்தத் தந்தையை எதிர்த்து வழக்குப் போட எத்தனை பேர் முன்வந்திருப்பார்கள்? திருவாரூரில் கன்றுக்குட்டிக்காக மகனைத் தேர்க்காலில் இட்ட மன்னனை நாம் கொண்டாடுகிறோம். அங்கே நீதி தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்கிற்று. இங்கே மகனிடமிருந்து தந்தைக்கு ஏறுகிறது. ஏறும்போதுதான் ஊர் சண்டைக்கு வருகிறது.

சாக்ரடீஸ் அவரைப் புகழவும் இல்லை, ஏசவும் இல்லை. இவ்வளவு பெரிய காரியத்தில் இறங்கியிருக்கிறீர்களே, அப்படியானால் புண்ணியம் எது, பாவம் எது என்பது உங்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டுமே, எனக்கும் சொல்லிக் கொடுங்கள் என்று பணிவாகக் கேட்டார்.

தராசு இல்லாத சண்டை

நான் இப்போது செய்கிறேனே, குற்றவாளி தந்தையே ஆனாலும் வழக்குப் போடுவது, இதுதான் புண்ணியம் என்றார் யூதிப்ரோ.

இது விடை அல்ல, உதாரணம். மரம் என்றால் என்ன என்று கேட்டால் வாசலில் நிற்கும் வேப்ப மரத்தைக் காட்டுவது போல. நாமும் அன்றாடம் செய்யும் தவறு இது. நேர்மை என்றால் என்ன என்று பிள்ளைகள் கேட்டால் காந்தியடிகளைக் காட்டுகிறோம். காட்டியதில் தவறு இல்லை. ஆனால் கேள்வி அப்படியே இருக்கிறது.

யூதிப்ரோ அடுத்த விடையைச் சொன்னார். தெய்வங்களுக்குப் பிடித்தது புண்ணியம்; பிடிக்காதது பாவம்.

பார்வைக்கு நல்ல விடை. ஆனால் கிரேக்கர்களின் புராணத்தில் தெய்வங்கள் ஒன்றோடு ஒன்று சண்டை போடுபவை. ஒரு தெய்வத்துக்குப் பிடித்தது இன்னொன்றுக்குப் பிடிக்காது. அப்படியானால் ஒரே காரியம் புண்ணியமாகவும் பாவமாகவும் ஆகிவிடும் அல்லவா?

இந்த இடத்தில் சாக்ரடீஸ் போகிற போக்கில் ஒரு விஷயம் சொல்கிறார். தத்துவம் எங்கே தொடங்குகிறது என்பதை இதைவிட எளிமையாகச் சொன்னவரை நான் படித்தது இல்லை. அவர் கருத்து இது: கூடையில் இருப்பவை எத்தனை என்று இருவருக்குள் தகராறு வந்தால் எண்ணிப் பார்த்துத் தீர்த்துக் கொள்ளலாம். எது நீளம் என்று தகராறு வந்தால் அளந்து பார்க்கலாம். எது கனம் என்று வந்தால் தராசில் வைக்கலாம். இவற்றுக்காக யாரும் ஜன்மப் பகை கொள்வதில்லை. ஆனால் எது நியாயம், எது அநியாயம், எது கௌரவம், எது இழிவு என்று தகராறு வந்தால் எந்தத் தராசில் வைப்பது? அண்ணன் தம்பி பேச்சு வார்த்தை நிற்பதும், ஊர் இரண்டுபடுவதும் இந்தத் தகராறுகளால்தான்.

தராசு இல்லாத சண்டைகளுக்குத் தராசு தேடும் முயற்சி என்று தத்துவத்தைச் சொல்லலாம். கிடைத்துவிட்டதா என்று கேட்காதீர்கள். தேடாமல் இருந்தால் மிச்சம் இருப்பது தடியும் அரிவாளும்தான்.

இரும்பில் புகை உண்டா?

பட்டறை வாலிபன் இரண்டு நாளில் திரும்பி வந்தான். சாக்ரடீஸ் வேண்டுமென்றே மடக்குகிறார் என்பது அவன் கட்சி.

நம் நாட்டிலும் இதே பாடம் இருக்கிறது என்று அவனுக்குச் சொன்னேன். 17-ம் நூற்றாண்டில் அன்னம்பட்டர் என்பவர் வடமொழியில் 'தர்க்க சங்கிரகம்' என்ற சிறு நூலை எழுதினார். புதிதாகப் படிக்க வருபவர்களுக்காகவே எழுதிய நூல். அதிலே வருவது மலையும் புகையும். தூரத்து மலையில் புகை தெரிகிறது. அங்கே நெருப்பு இருக்கிறது என்கிறோம். ஏன்? புகை இருக்கிறதே. புகை இருந்தால் நெருப்பு இருக்கும் என்பதற்கு என்ன ஆதாரம்? அடுப்பங்கரையில் பார்த்திருக்கிறோம்.

"சரி, தம்பி. இதைத் திருப்பிப் போடலாமா? நெருப்பு இருக்கும் இடத்தில் எல்லாம் புகை இருக்கும் என்று சொல்லலாமா?" என்று கேட்டேன்.

அவன் சிரித்தான். "பட்டறைக்கு வந்து பாருங்கள், சார். உலையிலிருந்து எடுத்த இரும்பு செக்கச் செவேல் என்று இருக்கும். தொட்டால் கை போய்விடும். புகையைக் காணோமே!" என்றான்.

தர்க்க நூல்கள் சொல்லும் உதாரணமும் அதுதான். பழுக்கக் காய்ச்சிய இரும்புக் குண்டு. அந்த ஒரே குண்டு, 'நெருப்பு இருந்தால் புகை இருக்கும்' என்ற விதியை உடைத்துவிடுகிறது. ஆயிரம் அடுப்புகள் சாட்சி சொன்னாலும் பயன் இல்லை. பல தலைமுறையாகப் பண்டிதர்கள் சொல்லி வந்த உதாரணத்தைப் பட்டறைப் பையன் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிட்டான்.

சாக்ரடீஸ் செய்ததும் இந்த வேலைதான். ஒருவர் உறுதியாகச் சொல்லும் வாக்கியத்தை எடுத்து, அது பொருந்தாத இடம் எங்கேயாவது உண்டா என்று தேடுகிறார். புதிதாகத் தத்துவம் படிப்பவர் முதலில் பழக வேண்டிய வித்தை இது ஒன்றே. மற்றவை எல்லாம் இதற்குப் பின்.

நோட்டா, மருந்தா?

யூதிப்ரோ தம் விடையைத் திருத்திக் கொண்டார். எல்லாத் தெய்வங்களுக்கும் ஒருமித்துப் பிடித்தது எதுவோ அது புண்ணியம் என்றார்.

சாக்ரடீஸ் கேட்ட அடுத்த கேள்விதான் 2,400 ஆண்டுகளாக மதவாதிகளையும் நாத்திகர்களையும் சேர்த்துத் தூங்கவிடாமல் செய்கிறது. ஒரு காரியம் புண்ணியமாக இருப்பதால் தெய்வங்களுக்குப் பிடிக்கிறதா? தெய்வங்களுக்குப் பிடித்திருப்பதால் அது புண்ணியம் ஆகிறதா?

முதல் தடவை படித்தால் இரண்டும் ஒன்று போலத் தோன்றும். எனக்கும் தோன்றியது. பிறகு நான் கண்டுபிடித்துக் கொண்ட வழி இது.

2016-ம் ஆண்டு நவம்பர் 8-ந் தேதி இரவு நினைவிருக்கும். 500 ரூபாய், 1,000 ரூபாய் நோட்டுகள் நள்ளிரவு முதல் செல்லாது என்று அறிவித்தார்கள். மாலையில் அரிசி வாங்கிய அதே தாள், காலையில் அந்த மதிப்பை இழந்துவிட்டது. தாள் மாறவில்லை, மை மாறவில்லை. அரசாங்கம் செல்லும் என்றதால் செல்லிற்று. செல்லாது என்றதும் நின்றுவிட்டது.

மருந்து அப்படி அல்ல. காய்ச்சலைத் தணிக்கிறது என்பதால் டாக்டர் அதை எழுதிக் கொடுக்கிறார். அவர் எழுதிக் கொடுப்பதால் அது காய்ச்சலைத் தணிப்பதில்லை. நாளைக்கே எல்லா டாக்டர்களும் சேர்ந்து அறிக்கை விட்டாலும் வெறும் சுண்ணாம்பு மாத்திரை காய்ச்சல் மருந்து ஆகிவிடாது.

இப்போது கேளுங்கள். நியாயம் என்பது நோட்டைப் போலவா, மருந்தைப் போலவா?

நோட்டைப் போல என்றால் கையெழுத்துப் போட்டவர் எவரோ, அவர் நாளை இரவு அதைச் செல்லாததாக ஆக்கிவிடலாம். கூலியாளைக் குழியில் போடுவது குற்றம் இல்லை என்று ஓர் அறிவிப்பு வந்தால், குற்றம் இல்லாமல் போய்விடும். மருந்தைப் போல என்றால், தெய்வத்துக்கு ஏன் பிடித்தது என்று நாம் தனியாக விசாரிக்க வேண்டியிருக்கிறது. தெய்வத்தின் பெயரைச் சொல்லித் தப்பிக்க முடியாது. தெய்வம் என்ற இடத்தில் சட்டம், பெரியவர்கள், ஊர் வழக்கம், கட்சித் தலைமை என்று எதை வைத்துப் பார்த்தாலும் கேள்வியின் கூர்மை குறைவதில்லை. பக்தி உள்ளவர்கள் இதற்கு ஆழமான விடைகள் சொல்லியிருக்கிறார்கள். தெய்வத்தின் இயல்பே நன்மைதான், இரண்டையும் பிரிக்கக்கூடாது என்பது அவற்றில் ஒன்று. அதையும் தட்டித்தான் பார்க்க வேண்டும்.

யூதிப்ரோவால் பதில் சொல்ல முடியவில்லை. தெய்வங்களுக்குத் தொண்டு செய்வது புண்ணியம் என்றார். பலி கொடுத்து வரம் கேட்பது என்றார். அது வியாபாரம் போல அல்லவா இருக்கிறது, நாம் கொடுப்பதால் தெய்வத்துக்கு என்ன லாபம் என்று சாக்ரடீஸ் கேட்டார். லாபம் இல்லை, அவற்றுக்குப் பிரியம் என்றார் யூதிப்ரோ. செக்கு மாடு போலப் பேச்சு புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டது. மறுபடி தொடங்குவோம் என்று சாக்ரடீஸ் அழைத்தார். அவசர வேலை இருக்கிறது என்று சொல்லி யூதிப்ரோ கிளம்பிவிட்டார்.

அவ்வளவுதான் நூல். விடை இல்லை. முதல் தடவை படிப்பவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். விடை தெரியும் என்று நினைத்து வந்தவர், தெரியாது என்ற இடம் வரைக்கும் வந்திருக்கிறார் என்பதே அங்கே நடந்த காரியம்.

முப்பது ஓட்டு

சாக்ரடீசுக்கு அவசர வேலை எதுவும் இல்லை. அவருக்கு இருந்தது மரணம்தான்.

சில நாட்களில் அவர் வழக்கு விசாரணைக்கு வந்தது. சுமார் 500 ஜூரிகள். முப்பது ஓட்டு மாறி விழுந்திருந்தால் விடுதலை. மாறவில்லை. பிறகு தண்டனையைப் பற்றி ஓட்டு எடுத்தார்கள். மரண தண்டனை விழுந்தது. டெலோஸ் தீவுக்குப் புனித யாத்திரை போன கப்பல் திரும்பும் வரை யாரையும் கொல்லக்கூடாது என்பது ஊர் விதி. அதனால் ஒரு மாதம் சிறையில் இருந்தார். தப்பிப் போக வழி இருக்கிறது என்று பழைய நண்பர் கிரீட்டோ விடியுமுன் வந்து மன்றாடினார். தப்புவது நியாயமா என்று முதலில் யோசிப்போம் என்று அவரையும் உட்கார வைத்துக் கேள்வி கேட்டார் கிழவர். கடைசியில் நஞ்சு குடித்து இறந்தார். அவர் கையால் ஒரு வரி கூட எழுதி வைக்கவில்லை. நமக்குக் கிடைத்திருப்பவற்றில் பெரும் பகுதி, அப்போது முப்பது வயது நிரம்பாத சீடர் பிளேட்டோ பிற்காலத்தில் எழுதியது.

கேள்வி கேட்டதற்காகவா இவ்வளவு பகை என்று வியக்க வேண்டாம். சந்தையில், எல்லோர் முன்னிலையிலும் உமக்குத் தெரிந்தது இவ்வளவுதான் என்று காட்டினால் யாருக்குத்தான் கோபம் வராது? அவரைப் பார்த்து வீட்டுக்கு வீடு பிள்ளைகளும் பெரியவர்களை மடக்கத் தொடங்கினார்கள். அந்தக் கோபமும் கிழவர் தலையில்தான் விடிந்தது.

புதிதாகப் படிப்பவர்களுக்கு இது ஒரு எச்சரிக்கை. வாதம் செய்யக் கற்றுக்கொண்ட புதிதில் இளைஞர்கள் நாய்க்குட்டிகளைப் போல அகப்பட்டதை எல்லாம் கடித்துக் குதறுவார்கள் என்று பிளேட்டோவே தம் 'குடியரசு' நூலில் குறைப்பட்டுக் கொள்கிறார். வீட்டில் சாம்பாருக்கு உப்பு குறைவு என்று அம்மா சொன்னால், குறைவு என்றால் என்ன என்று கேட்பது தத்துவம் ஆகாது.

இந்த விஷயத்தில் மணிமேகலை நல்ல மாணவி. வஞ்சி மாநகரில் தவசி வேடம் பூண்டு, பத்துச் சமயவாதிகளிடம் போகிறாள். ஒவ்வொருவரும் தம் கொள்கையை விரிவாகச் சொல்கிறார்கள். குறுக்கே பேசாமல் கேட்டுக்கொள்கிறாள். கடைசியில் பூதவாதி, கண்ணால் கண்டதைத் தவிர வேறு எதையும் ஏற்கமாட்டேன், அனுமானம் என்பதே வேண்டாம் என்கிறான். அவனிடம் மட்டும் அவள் திருப்பிக் கேட்கிறாள். உன் தாய் தந்தையர் இன்னார் என்று நீ அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிந்தாய் என்று. ஒரே கேள்வி. காய்ச்சிய இரும்புக் குண்டு மாதிரி. தமிழ்ப் பாடமாக மட்டும் இதைப் படித்துவிட்டு, தத்துவத்துக்கு வேறு கடை தேடுகிறோம்.

வாலிபனின் கேள்வி

ஒரு வாரம் கழித்துப் பட்டறை வாலிபன் 'யூதிப்ரோ'வைத் திருப்பிக் கொண்டுவந்தான். அட்டையில் கரிக் கை பட்டிருந்தது. இரண்டு தடவை படித்தானாம்.

நோட்டா, மருந்தா என்று நான் கேட்டேன். "மருந்துதான், சார். ஆனால் எதைத் தணிக்கிறது என்று சொல்லத் தெரியவில்லை" என்றான்.

பிறகு, "ஒன்று கேட்கலாமா? அந்தக் கூலியாளின் பெயர் என்ன?" என்றான்.

புத்தகத்தை வாங்கிப் புரட்டினேன். தெய்வங்களின் பெயர் இருக்கிறது. சாக்ரடீஸ் மீது பிராது கொடுத்தவன் பெயர் இருக்கிறது. கதையில் வரும் சிற்பி ஒருவன் பெயர் கூட இருக்கிறது. குழியில் செத்தவன் பெயர் இல்லை.

"யூதிப்ரோவின் தந்தை பெயரும்தான் இல்லை, தம்பி" என்றேன்.

"அவரை யூதிப்ரோவின் தந்தை என்று சொல்லிவிடலாம், சார். இவனை என்னவென்று சொல்வது?" என்றான்.

எத்தனையோ முறை படித்த நூல். அன்று வரை நான் அதைக் கவனித்ததில்லை.

'கிரீட்டோ' இப்போது அவனிடம் இருக்கிறது. தடித்த புத்தகத்தை நூலகத்தில் திருப்பிக் கொடுத்து விட்டானாம். இரண்டு ரூபாய் அபராதம்.